துட்டிக்கு வராதவர்கள்

எங்கள் அம்மா ஆவுடையம்மாள் செத்து, கருமாதியும் முடிந்து, பந்தல்காரர் வந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் தங்கபுஷ்பம் அக்கா வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்று ஒன்று உண்டு. கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். சாவுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், கேள்விப்பட்டதும் வந்து நிற்க வேண்டும். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், பாதைத் தகராறில் கோர்ட்டு வரைக்கும் போனவர்கள்கூட வருவார்கள். ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போவார்கள். போனில் துட்டி கேட்கிறவர்களை அம்மா மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டாள். வெளிநாட்டில் இருந்தால் போனால் போகிறது என்று விடுவாள். அக்கா இருக்கிற நாகர்கோவில் வெளிநாடு இல்லை. சங்கரன்கோவிலில் ஏறி, திருநெல்வேலியில் ஒரு பஸ் மாறினால் போய் இறங்கிவிடலாம்.

தங்கபுஷ்பம் அக்கா யார் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் தங்கை கனியைச் சொல்ல வேண்டும். சண்முகக்கனி. சென்னையில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கனி வாயை மூடி நாங்கள் பார்த்ததில்லை. டிவி ஓடினால் டிவியோடு பேசுவாள். யாரோ சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தியானத்துக்குப் போனாள், பிறகு ஒரு வாரப் பயிற்சிக்குப் போனாள், பிறகு வேலையை விட்டுவிட்டு தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் நிறைநிலை ஆசிரமத்துக்கே போய்விட்டாள். அங்கே கும்பிடுகிற சாமி வேறு, சாப்பாடு வேறு, பெயர்கூட வேறு. காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை என்ன நினைக்க வேண்டும் என்பதைக்கூட அவர்கள்தான் சொல்லுவார்கள்.

அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "போய் மயித்தப் புடிச்சு இழுத்துட்டு வாட்டி." நானும் கிளம்பத்தான் இருந்தேன். நான் சங்கரன்கோவிலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவள். முரட்டு ஆம்பிளைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற எனக்கு ஒரு ஆசிரமம் என்ன பெரிய இது. ஆனால் போவதற்கு முன்னால், இந்த மாதிரி இடத்தில் சேர்ந்தவர்களை எப்படி மீட்பது என்று நெட்டில் தேடினேன். தேடியது தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். முதலில் வந்தது ஒரு குழு. 'வாசலில் நிற்போர்' என்று பேர். பிள்ளையை, பெண்டாட்டியை, அண்ணனை நிறைநிலையில் விட்டவர்கள் சேர்ந்து நடத்துவதாகப் போட்டிருந்தது. அதில்தான் தங்கபுஷ்பம் அக்கா பழக்கம். நிறைநிலைக்கு மகனைப் பறிகொடுத்தவள். தினமும் பேசுவாள். கடையில் சரக்கு வரவில்லை என்றால்கூட அவளிடம்தான் புலம்புவேன்.

குழுவில் எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார்கள். போனைப் பிடுங்கி வைக்கிற இடத்தில் சேர்ந்தவர்கள்தான் ஆயுளுக்கும் அங்கேயே கிடப்பார்கள், வெளிச்சேதி எதுவும் காதில் விழாதல்லவா. நெட் இருக்கிற இடத்தில் அப்படி இல்லை. படிப்பார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், சந்தேகம் வரும், தானாக வெளியே வருவார்கள். நாம் போய் இழுத்தால்தான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நிறைநிலையில் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, பிறகென்ன, பொறுமையாக இரு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேப்பரில்கூட அப்படித்தான் எழுதியிருந்தான். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"போனு வந்து அவளைக் கூட்டிட்டு வருமாக்கும்?" என்று கேட்டாள். சாகிறவரைக்கும் கேட்டாள்.

மூன்று வருஷமாக நான் அங்கே போகவில்லை. கனியைக் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள், நல்லாயிருக்கிறேன் என்று ஒரு வரி வரும். அம்மா செத்த அன்றைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினேன். சுடுகாட்டுக்குத் தூக்குவதற்குள் பதில் வந்தது. 'அம்மாவின் ஆன்மா நிறைவடையட்டும். என்னால் வர இயலாது. வரும் பௌர்ணமியில் சொல்துறவு ஏற்கிறேன்.' சொல்துறவு என்றால் அதோடு பேச்சை விட்டுவிடுவது. சாகிறவரை வாயைத் திறக்கக் கூடாது, போன் கிடையாது, உறவு யாரையும் பார்க்கக் கூடாது. கனி, டிவியோடு பேசுகிற கனி. பெற்றவள் பிணம் கிடக்கிறது, இவளுக்கு ஆன்மா நிறைவடைகிறதாம். அந்த இடத்திலேயே போனைச் சுவரில் வீசி எறிந்தேன், நல்லவேளை உடையவில்லை.

குழுவில் சொன்னேன். நூறு பேர் இரங்கல் போட்டார்கள். ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக, படித்தால் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி எழுதியிருந்தார்கள். சொல்துறவைப் பற்றிக் கேட்டபோது, அது அவள் முடிவு, இப்போது போய்த் தடுத்தால் ஜென்மத்துக்கும் உன்னை மன்னிக்க மாட்டாள் என்றார்கள். சரி என்று இருந்துவிட்டேன். ஆனால் துட்டிக்கு ஒருவர் வரவில்லை. திருநெல்வேலியில் இருக்கிறவர் வரவில்லை, ராஜபாளையத்தில் இருக்கிறவர் வரவில்லை. நூறு பேரில் ஒருத்தருக்குக்கூடவா காலில்லை? கருமாதிக்காவது தங்கபுஷ்பம் அக்கா வருவாள் என்று இலை போட்டதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டேன். கனிக்காகப் போகவில்லை, அந்தப் பொம்பளையை நேரில் நாலு கேள்வி கேட்கத்தான் போனேன்.

நாகர்கோவில் வடசேரியில் அவள் சொல்லியிருந்த தெரு இருந்தது. அவள் சொன்ன வீட்டு எண்ணில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. மில்காரர் பிறந்து வளர்ந்ததே அந்தத் தெருவாம். அப்படி ஒரு ஆள் இங்கே எந்தக் காலத்திலும் இல்லை என்றார். அவளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். உன் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன் என்றேன். அப்படியா கண்ணு, நான் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேனே என்றாள். உனக்கு ஏது மகள், ஒற்றைப் பையன்தானே என்றேன். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. மகள் மாதிரி ஒரு பிள்ளை என்றாள்.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து குழுவில் எழுதினேன். 'நான் இப்போது நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர் வந்து முகத்தைக் காட்டுங்கள்.' ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பேரன் காதுகுத்து, ஒருவருக்குக் கார் பஞ்சர். எல்லாப் பதிலும் அதே நிமிஷத்தில் வந்து விழுந்தன. மனுஷன் பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் யோசித்துத்தானே சொல்லுவான். இந்தக் குழுவே நிறைநிலைக்காரர்கள் வேலையாக இருக்குமோ என்று அப்போதுதான் பட்டது. பௌர்ணமிக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது. வந்த பஸ்ஸில் ஏறி, மாறி மாறி, விடிந்ததும் நிறைநிலை வாசலில் நின்றேன்.

வாசலில் கதவே கிடையாது. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. உள்ளே போய், என் தங்கையைக் காட்டுங்கள் என்று சத்தம் போட்டேன். அன்றைக்கு விழா என்பதால் வெளியூர்க்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உடனே ஒருவன் வந்து என்னைத் தனியறைக்குக் கூட்டிப் போனான். இளம்பரிதி என்று பேர், ஆசிரமத்தின் தொடர்புப் பொறுப்பாளன், கம்ப்யூட்டர் படித்தவன். துளசித் தண்ணீர் கொடுத்தான். அந்தப் பணிவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் நிற்போர் குழு உங்களுடையதா என்று கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். ஆமாம் என்றான்.

"நாங்க எதையும் மூடி வைக்கல, சகோதரி. ஒரு காலத்துல வச்சிருந்தோம். போன் இல்லாம இருந்தவங்க இருபது வருஷம் இருந்தாங்க, ஆனா எப்பவாவது ஒரு போன் கையில கிடைச்சா அன்னைக்கே கிளம்பிட்டாங்க. சரின்னு எல்லாருக்கும் நாங்களே போன் கொடுத்துத் திறந்து விட்டோம். ரெண்டு வருஷத்துல பாதிப் பேர் போயிட்டாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது. நெட்ல படிக்கிற விஷயம் யாரையும் வெளிய கூட்டிட்டுப் போறதில்ல. அங்க கிடைக்கிற ஆள்தான் கூட்டிட்டுப் போறாங்க."

"அதனால?"

"அந்த ஆளை நாங்களே கொடுத்துட்டோம். அந்த ஏற்பாட்டுக்கு வடிகால்னு பேரு. இங்க இருக்கிறவங்களுக்குச் சந்தேகம் வந்தா நெட்ல தேடுவாங்க. அவங்களை மாதிரியே சந்தேகப்படுற நாலு பேர் கிடைப்பாங்க. எங்களை நல்லாத் திட்டுவாங்க. மனசுல உள்ளதைக் கொட்டிட்டுக் காலையில பிரார்த்தனைக்கு வந்துடுவாங்க. வெளிய இருக்கிற குடும்பத்துக்கும் அதே மாதிரிதான். யாரும் இங்கிருந்து போறதில்ல இப்போ."

அந்த நாலு பேரும் மனுஷர் இல்லையாம், மெஷினாம். மூன்று வருஷம் நான் அழுது புலம்பியதெல்லாம் ஒரு மெஷினிடம். இதெல்லாம் கேட்பாரில்லாத தேசமா, போலீசுக்குப் போகட்டுமா என்றேன். குழுவில் சேரும்போது நானே சம்மதம் என்று அழுத்தியிருக்கிறேனாம், அதில் எல்லாம் எழுதியிருக்கிறதாம். யார் அதைப் படிக்கிறார்கள்? அவன் படிக்கிறானா?

"ஒண்ணு கேக்கறேன், சகோதரி," என்றான். "அந்தக் குழு உங்களுக்கு ஆறுதலா இருந்துச்சா, இல்லையா?"

பளார் என்று ஒன்று விட்டேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, தங்கச்சியைப் பார்க்கலாம், யாரையும் நாங்கள் பூட்டி வைக்கவில்லை, வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள் என்றான். ஏன் இவ்வளவு தாராளம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கனி ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் திட்டத்தான் போனேன், அந்த எலும்பும் தோலுமான முதுகைத் தொட்டதும் தடவிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். நீதான் என்மேல் கோபத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன் என்றாள். நானா, நான் கூப்பிட்டால் நீ எடுத்தாயா என்றேன். உன்னிடமிருந்து ஒரு கால்கூட வந்ததில்லையே என்றாள்.

சொல்துறவு எதற்கு என்று கேட்டேன். பேசிப் பேசி அலுத்துவிட்டதாம். இரண்டு தடவை வெளியே வந்துவிடலாம் என்று பையைக்கூடக் கட்டினாளாம். நெட்டில் பழகிய தோழி ஒருத்தி, இங்கே இருந்தே யோசிப்போம், பொங்கல் போகட்டும், சித்திரை போகட்டும் என்றாளாம். பிறகு எதைப் பற்றியும் ஆத்திரம் வரவில்லையாம். அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை. எதற்குமே ஆத்திரம் வராத கனியை நான் அறிய மாட்டேன்.

"சரி, அதெல்லாம் கெடக்கட்டும்," என்றேன். "அம்மா செத்ததுக்குக்கூட வரலியேட்டி நீ."

அவள் முகம் மாறவில்லை. என்னைப் பாவம் போலப் பார்த்தாள். "இப்படி ஏதாவது சொல்லிக் கூட்டிட்டுப் போகப் பாப்பேன்னு அம்மாவே சொன்னா, அக்கா."

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாதான். காலையில பேசுனா. சாப்பிட்டியான்னு கேட்டா."

பாடையில் கிடத்திய படத்தைக் காட்டினேன். இந்தக் காலத்தில் படமா சாட்சி, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்வார்கள் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான், ஊரில் நாங்களும் அப்படித்தானே ஆகிவிட்டோம். அவள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எடுத்தாள்.

"என்ன கண்ணு, சொல்லு."

அம்மாவின் குரல். அந்த லேசான கரகரப்பு, பேசுவதற்கு முன் மூச்சு வாங்குவது எல்லாம் அப்படியே இருந்தது. நான் அவளுக்குக் கொள்ளி வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள். முதல் வருஷம் அம்மா கனிக்குப் பேசியனுப்பிய ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். படுபாவிகள், ஒரு தாயின் தொண்டையையே அறுத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் உயிரோடு வீட்டில் உட்கார்ந்து மகள் குரலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோதே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை வாங்கி, அம்மா, கனி வர மாட்டேன் என்கிறாள், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"விடும்மா உலகு," என்று என் பேரைச் சொல்லியே பேசியது அந்தக் குரல். "அவ மனசுக்குப் புடிச்சதைச் செய்யட்டும். நீ பொறுமையா இரு."

நான் கனியைப் பார்த்தேன். கனி போனைப் பார்த்தாள். எங்கள் அம்மா வாயிலிருந்து பொறுமை என்கிற வார்த்தை எந்த ஜென்மத்திலும் வந்ததில்லை. ரேஷன் வரிசையில் அரை நாழிகை நிற்க மாட்டாள். கனி மெல்லப் போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"அம்மா, அக்கா என்னைக் கையை நீட்டி அடிச்சிட்டா."

"பரவாயில்ல கண்ணு. அக்காதானே, மன்னிச்சிரு."

எங்கள் வீட்டில் நாங்கள் அடித்துக்கொண்டோம் என்றால் அம்மா ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாள். தோசைக் கரண்டியோடு வருவாள், இரண்டு பேருக்கும் விழும், யார் முதலில் அடித்தது என்பதெல்லாம் அவளுக்கு அனாவசியம். கனி இணைப்பைத் துண்டித்தாள். எப்போது செத்தாள் என்று கேட்டாள். சொன்னேன். என்ன கேட்டாள் கடைசியாக என்றாள். உன்னைத்தான் என்றேன்.

பிறகு அவள் போனில் பழைய பேச்சுகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். மூன்று வருஷப் பேச்சு. ஒவ்வொரு நாளும் அம்மா.

"இதுல எதுவரைக்கும் அம்மா, அக்கா? எதுலருந்து இவங்க?"

பின்னாலேயே வந்து நின்றிருந்த இளம்பரிதியிடம் போய்க் கேட்டேன். அப்படிப் பிரித்துப் பார்க்க வழியில்லை என்றான். முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. ஏதோ கடையில் சில்லறை இல்லை என்பது போலச் சொன்னான். உண்மையாக அம்மா பேசியது நாலு வார்த்தை அதில் இருந்திருக்கலாம், நானூறு இருந்திருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் பாழாக்கியிருக்கிறார்கள். இன்னொன்று விட்டிருப்பேன், கை ஓங்கவும் கனி கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இரு அக்கா. நான் எந்திரிச்சு வந்தேன்னா அம்மா இல்லன்னு ஆயிரும். கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அவசரம் இல்லை. தூரத்தில் விழாவுக்கு மேளம் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள், சொல்துறவு ஏற்கிறவர்களை வரிசையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். இளம்பரிதி ஒருமுறை வந்து, நேரம் ஆகிறது சகோதரி என்று கனியிடம் மெதுவாகச் சொன்னான். கனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். என்னென்னவோ சொல்லித் திட்டினாள். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் கேட்கிற அத்தனை வார்த்தையும் அதில் இருந்தது. மேளம் நின்று, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அவள் எழுந்தாள். போனைப் பெஞ்சிலேயே வைத்தாள். பையை எடுக்கவில்லை, எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். நானும் கிளம்பினேன்.

அப்போது பெஞ்சில் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது.

அடிக்கட்டும் சனியன் என்று போயிருக்க வேண்டும். எடுத்துச் சுவரில் எறிந்திருக்க வேண்டும், எறிவதற்குத்தான் எடுத்தேன். பச்சைக் குறியில் விரல் பட்டதா, நானேதான் அழுத்தினேனா, தெரியவில்லை.

"ஏட்டி உலகு. எங்கட்டி போறிய ரெண்டு பேரும், அம்மைகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம? நாசமாப் போறவளே, நேத்துலருந்து பஸ்ஸுல அலைஞ்சிருக்க. சாப்பிட்டியாட்டி?"

இப்போது சரியாகப் பேசியது. அதே ஏச்சு, அதே அதட்டல், கேள்வி முடிவதற்குள் தணிந்துவிடுகிற அதே குரல். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாங்கள் பேசியதையும் கனி ஏசியதையும் கேட்டு எங்களிடமிருந்தே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. எல்லாம் எனக்குத் தெரிகிறது. இது மெஷின், இவர்கள் களவாணிகள், அம்மாவை எரித்துச் சாம்பலைக் கரைத்தாயிற்று. எல்லாம் தெரிந்தும் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டேன்.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. கனி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்திருந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்து, பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். உள்ளே இருந்து அம்மா இன்னும் ஏதோ ஏசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் கனி. "அம்மா செத்துட்டா. வா, போவோம்."